ஜேஇஇ மறுபடி எழுதலாமா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்ஐடி, ஐஐடி பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு ஜேஇஇ. அதன் முதல் கட்டமான மெயினின் ஜனவரி அமர்வு முடிவு பிப்ரவரியில் வந்த மறுநாள் என் வீட்டு வாசலில் இரண்டு மூன்று ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடக்கும். திருச்சியில் பதினாறு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "மறுபடி எழுதலாமா சார்?" சிலர் ஏப்ரல் அமர்வை மனதில் வைத்துக் கேட்பார்கள். சிலர் ஒரு வருடம் கல்லூரிக்குப் போகாமல் ட்ராப் எடுப்பதைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்குச் சொல்லும் பதிலை இன்னொன்றுக்கு மாட்டிவிட்டு அவதிப்படும் குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஏப்ரல் விஷயம் சுலபமானது. இரண்டு அமர்வுகளையும் எழுதினால், தேர்வை நடத்தும் என்டிஏ தரும் ஸ்கோர் (பெர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குச் சமமாக அல்லது கீழே என்ற எண்) எதில் அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஏப்ரலில் குறைந்துபோனாலும் ஜனவரியில் வாங்கியது உங்களிடமே இருக்கும். "குறைஞ்சிட்டா என்ன பண்றது" என்று பயந்து விண்ணப்பிக்காமலே விட்ட பிள்ளைகள் உண்டு. அந்தப் பயம் தேவையே இல்லை.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. ஏப்ரலைக் குறிவைத்து, நடுவில் மார்ச்சில் வரும் பொதுத்தேர்வை ஓரங்கட்டிவிடுவதுதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குப் போடும் கட் ஆஃப் மட்டும்தான். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் கிடைக்கின்றன. அங்கே மேல்மட்டத்தில் ஒரு மார்க் குறைந்தால் ரேங்கில் பல நூறு இடம் பின்னால் போய்விடும். என்னிடம் படித்த ஒரு பெண் மெயினில் கூடுதலாக ஒரு பெர்சன்டைல் பிடிக்கப் போய், பொதுத்தேர்வு வேதியியலில் 84 வாங்கினாள். அரையாண்டில் 97 வாங்கியவள். இத்தனைக்கும் ஏப்ரல் ஸ்கோர் ஜனவரியைத் தாண்டவில்லை. இன்னொன்றும் உண்டு: ஐஐடி, என்ஐடியில் சேர ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் டூவில் 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 65) வாங்கியிருக்க வேண்டும், அல்லது உங்கள் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் வந்திருக்க வேண்டும்.

அடுத்தது, முழு எண்ணைப் பார்த்து ஏங்குவது. 98.9 வந்த பையன் அழுகிறான், 99.1 வந்தவன் வீட்டில் கேசரி கிண்டுகிறார்கள். 2025இல் மெயினின் முதல் தாளை எழுதியவர்கள் ஏறத்தாழ 14.75 லட்சம் பேர். அப்படியானால் ஒரு பெர்சன்டைல் என்பது சுமார் 14,750 பேர். 98.9க்கு ரேங்க் ஏறக்குறைய 16,200, 99.1க்கு 13,300. வித்தியாசம் இருக்கிறதுதான், ஆனால் அழுகைக்கும் கேசரிக்கும் நடுவில் இருக்கும் அளவுக்கு இல்லை. இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்விலும், 1000, 1100 மாதிரி முழு நூறுகளுக்குச் சற்றுக் கீழே நின்றவர்கள் சற்று மேலே நின்றவர்களைவிட அதிகமாக மறுபடி எழுதுகிறார்கள் என்று டெவின் போப், உரி சைமன்சன் ஆகியோர் 2011இல் எழுதிய ஆய்வு காட்டுகிறது. கல்லூரிக்கு 99 என்ற எண் மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. ஐஐடி, என்ஐடி இடங்களை ஒதுக்கும் ஜோசாவின் இணையதளத்தில் ஒவ்வொரு வருடமும் கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாகக் கடைசி ரேங்க் போடுகிறார்கள். அதைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய பாடப்பிரிவு எந்த ரேங்கில் முடிந்தது என்று பாருங்கள். திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. அந்தப் பட்டியலை விட்டுவிட்டு அகில இந்தியப் பட்டியலைப் பார்த்து மனம் உடைந்துபோய் வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

சரி, இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். மறுபடி எழுதுவதா என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் தங்கள் ரெஸ்பான்ஸ் ஷீட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். எந்தக் கேள்விக்கு என்ன விடை கொடுத்தீர்கள் என்பதை என்டிஏ அப்படியே கொடுக்கிறது, ஆன்சர் கீயும் வருகிறது. ஸ்கோரைக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் அதை மூடிவிடுகிறார்கள்.

போன வருடம் ஒரு பையன் அப்பாவோடு வந்தான். 75 கேள்வியில் 52க்கு விடை போட்டிருந்தான். 33 சரி, 19 தப்பு. 33 நாலு 132, அதில் 19 கழித்தால் 113. "இவனுக்கு அடிப்படையே சரியில்லை, ஒரு வருஷம் உட்கார வெச்சிரலாம்னு இருக்கோம் சார்" என்றார் அப்பா. ஷீட்டை அச்செடுத்து வரச் சொன்னேன். தப்பான 19ஐயும் ஒவ்வொன்றாக அவனையே திரும்பப் போடச் சொல்லி, பக்கத்தில் மூன்று நிறப் பேனாவால் குறித்தோம். தெரிந்தும் கோட்டைவிட்டது சிவப்பு, குருட்டாம்போக்கில் அடித்தது பச்சை, பாடமே புரியாதது நீலம். முடிவில் சிவப்பு 7, பச்சை 8, நீலம் 4. சிவப்பில் இரண்டு மைனஸ் குறி விட்டது. ஒன்றில் கேட்டது ஆரம், இவன் போட்டது விட்டம். இன்னொன்றில் தாளில் சரியான விடை எழுதிவிட்டு, கணினியில் பக்கத்து ஆப்ஷனைச் சொடுக்கியிருக்கிறான். அந்த ஏழும் சரியாகியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் போன ஒன்றும் வர வேண்டிய நாலும் சேர்த்து 35 மார்க். பச்சை எட்டையும் தொடாமல் விட்டிருந்தாலே இன்னும் 8. ஆக 156. புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் 43 மார்க்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு ட்ராப் வேண்டாம், ஏப்ரல் போதும். சிவப்பு அதிகமாக இருந்தால் நேரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதி எழுதித்தான் அது குறையும். இரண்டு மாதம் அதற்குத் தாராளம். நீலம் பத்து பன்னிரண்டு இருந்து, அதுவும் இயக்கவியல், வெக்டர், வகையிடல் மாதிரி அடித்தளப் பாடங்களில் இருந்தால், ஏப்ரல் பெரிதாக உதவாது. அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் ட்ராப் என்ற பேச்சுக்கே இடம் இருக்கிறது. விடை போடாமல் விட்ட கேள்விகளையும் இதேபோலப் பிரிக்க வேண்டும்: நேரம் இல்லாமல் விட்டதா, தெரியாமல் விட்டதா?

ட்ராப் எடுக்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு விதிகளைப் படிக்காதது. ஜேஇஇ மெயினைப் பிளஸ் டூ முடித்த வருடத்திலிருந்து தொடர்ந்து மூன்று வருடம் எழுதலாம். ஐஐடிக்கான இரண்டாம் கட்டத் தேர்வான அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் இரண்டு முறைதான். அதனால் இரண்டாவது முறை ட்ராப் எடுக்கிறவருக்கு ஐஐடி கதவு அடைத்தாயிற்று, மெயின் மட்டும்தான் மிச்சம். இது தெரியாமல் "இன்னும் ஒரே ஒரு வருஷம், ஐஐடி வாங்கிடுவான்" என்று கோச்சிங்குக்கு முழுப் பணமும் கட்டிவிட்டு வந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். பணம் வாங்கிய இடத்தில் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

இன்னொரு விதி இதைவிடக் கடுமையானது. ஒரு முறை ஐஐடி இடத்தை ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிட்டால், பிறகு விலகினாலும் அட்வான்ஸ்ட் எழுத முடியாது. "கிடைச்ச பிராஞ்ச்ல சேர்ந்துட்டு, அங்கேயிருந்தே படிச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கலாம்" என்ற யோசனை ஐஐடியில் நடக்காது. கிடைத்த இடம் வேண்டாம் என்றால் ஜோசாவின் கடைசிச் சுற்றுக்கு முன்பே விலகியாக வேண்டும்.

விதி மாறும் என்று நம்பி எதையும் விடாதீர்கள். 2024 நவம்பர் 5ஆம் தேதி, அட்வான்ஸ்டை மூன்று முறை எழுதலாம் என்று அறிவித்தார்கள். நவம்பர் 18ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பதின்மூன்று நாள்தான். அதற்குள் சிலர் படித்துக்கொண்டிருந்த கல்லூரியிலிருந்து விலகிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் விலகியவர்களுக்கு மட்டும் 2025 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. அந்த இரண்டு மாதம் அந்தப் பிள்ளைகள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

அட்வான்ஸ்டில் 'குவாலிஃபைடு' என்று வந்துவிட்டதால் அடுத்த முறை சீட் உறுதி என்று நினைப்பதும் தவறு. 2025இல் அட்வான்ஸ்டின் இரண்டு தாள்களையும் எழுதியவர்கள் 1,80,422 பேர், தகுதி பெற்றவர்கள் 54,378 பேர். 23 ஐஐடிகளிலும் சேர்த்து இருந்த இடங்கள் 18,160. தகுதிக்கும் சீட்டுக்கும் நடுவில் முப்பத்தாறாயிரம் பேர் நிற்கிறார்கள்.

அப்புறம் காலக் கணக்கு. ட்ராப் எடுத்தால் ஒரு வருடம் கையில் இருக்கிறது என்கிறார்கள். தேர்வு முடிவுகளின் பரபரப்பு அடங்கும்போது ஜூன் பாதி போயிருக்கும். ஜனவரி அமர்வுக்கு ஏழு மாதம்தான். அந்த ஏழு மாதத்தில் ரிப்பீட்டர் பேட்ச்சில் உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து மறுபடி கேட்கிறபோது, எல்லாம் தெரிந்த மாதிரி சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் பொல்லாதது. தெரிந்ததையே திரும்பக் கேட்டு நாள் போய்விடும், நீலப் பேனாவால் குறித்த பாடங்கள் டிசம்பரிலும் நீலமாகவே இருக்கும். அந்தப் பாடங்களை ஜூலை, ஆகஸ்டிலேயே முதலில் எடுக்கிற பிள்ளைகளைத்தான் நான் முன்னேறப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு நிலைமையையும் எடைபோட வேண்டும். நண்பர்கள் எல்லோரும் ஹாஸ்டல் படம் போடும்போது தனியாக மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து படிப்பது பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரிடமும் பேசாமல் இருக்கிற பிள்ளை என்றால் தேர்வைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே, காசில்லாமல், எந்த நேரமும் பேசலாம்.

என்னிடம் வருகிற பெற்றோரை நான் பத்து நிமிடம் வெளியே திண்ணையில் உட்காரச் சொல்வது உண்டு. பிள்ளையிடம் மட்டும், "உனக்கு எழுதணுமா, அப்பாவுக்காகச் சொல்றியா?" என்று கேட்பேன். அந்த 113 மார்க் பையன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏப்ரல் எழுதறேன் சார். அதுலயும் வரலைன்னா கவுன்சலிங்ல கிடைக்கிற காலேஜ்ல சேந்துடறேன். இதை நீங்களே அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றான். கதவைத் திறந்து அப்பாவைக் கூப்பிட்டு, மூன்று நிறத்தில் குறித்த அந்தத் தாளை முதலில் அவர் கையில் கொடுத்தேன்.