மலைப்பாதைக்கு ஏற்ற எடைப்பகிர்வு இணைப்பைத் தெரிவுசெய்தல்

கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஒரு தங்கும் ட்ரெயிலரை இழுத்துச் செல்ல விரும்புபவர், அதை வாகனத்தோடு மாட்டும் எடைப்பகிர்வு இணைப்பை வாங்குவதற்கு முன் தண்ணீர், எரிவாயு சிலிண்டர், படுக்கை அனைத்தையும் ஏற்றி ட்ரெயிலரை நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த நிறையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 1,200 கிலோ ட்ரெயிலரானால் 120 முதல் 180 கிலோ, இணைப்புக் குண்டின் (ட்ரெயிலரை மாட்ட வாகனத்தின் பின்னால் உள்ள இரும்பு உருண்டையின்) மீது அமர வேண்டும். இது குறைந்தால் ட்ரெயிலர் பக்கவாட்டில் வாலாட்டத் தொடங்கும்.

இந்தப் பாரம் வாகனத்தின் பின்புறத்தை அமுக்கி முன்சக்கரங்களின் பிடியைக் குறைப்பதால், ஈரமான வளைவுகளில் ஸ்டியரிங் சொல்கேளாமல் போகும். எடைப்பகிர்வு இணைப்பின் ஸ்பிரிங் தண்டுகள் நெம்புகோலாக இயங்கி, பாரத்தின் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கும் ட்ரெயிலரின் அச்சுக்கும் திருப்புகின்றன. குண்டின் மீதான பாரத்தோடு வாகனத்தின் பின்னச்சுக்கு அப்பால் ஏற்றிய சாமான்களின் நிறையையும் கூட்டி, அதற்குப் பொருந்தும் தண்டுகளையே தெரிவுசெய்யுங்கள். அளவுக்கு மிஞ்சிய விறைப்பு ட்ரெயிலரின் அடிச்சட்டகத்தை வருத்தும் என்பதால், பெரியதே பாதுகாப்பானது என்ற எண்ணத்தை நான் ஏற்கமாட்டேன்.

சில வாகனங்களுக்கு இவ்வகை இணைப்பையே தயாரிப்பாளர் அனுமதிப்பதில்லை; கைநூலைப் பாருங்கள். ட்ரெயிலரின் வாலாட்டத்தை அடக்கும் உராய்வுத் தண்டு வகை ஆட்டத் தடுப்பானை, வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்துவதற்கு முன் பெரும்பாலும் கழற்ற வேண்டியிருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இது பெரும் தொல்லை.

பொருத்திய பின், பாரம் முன்சக்கரங்களுக்குத் திரும்பியதா என்று அறிய, முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைந்த விளிம்பின் உயரத்தை ட்ரெயிலர் இல்லாமலும் மாட்டியும் அளந்து ஒப்பிடுங்கள். இவ்விணைப்பு வாகனத்தின் இழுவை வரம்பை உயர்த்தாது. இறக்கத்தில் ட்ரெயிலருக்குத் தனி பிரேக்கும் தாழ்ந்த கியரும் கட்டாயம் தேவை.