மோரிஸ் மைனருக்குப் பவுடர் கோட்டிங்கா, பெயிண்டா?

என் பழைய மோரிஸ் மைனர் காரின் கிரில் கம்பியிலும் பம்பர் பிராக்கெட்டிலும் துரு ஏறிவிட்டது. பினாங்கு உப்புக்காற்று சும்மா விடுமா? பிறை ஊரில் ஒரு பட்டறையில், "எல்லாத்துக்கும் பவுடர் கோட்டிங் போட்டுடலாம்ணே" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பவுடர் என்பது பெயிண்ட் பொடி, அடுப்பில் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிப் பிடிப்பது. இரும்பு பிராக்கெட்டுக்கு அது சரி. கல் அடித்தாலும் லேசில் பெயராது. பானட் சின்னமோ துத்தநாக வார்ப்பு. அடுப்பில் ஏற்றினால் உள்ளே அடைபட்ட காற்று கிளம்பி, பூச்சு அப்பளம் மாதிரி கொப்பளித்துவிடும். அதற்கு உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர், மேலே கெட்டியாக்கி கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட். (அடிக்கும்போது சாதாரணத் துணி மாஸ்க் உதவாது, ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது.) கிரில் கம்பிக்கும் பெயிண்ட்தான். பவுடர் 60 முதல் 100 மைக்ரான் வரை தடிக்கும், அப்புறம் கிளிப் நுழையாது. கீறல் விழுந்தால் அடியில் துரு ஊரும், ஒட்டுப்போடவும் வராது. பெயிண்டென்றால் சின்ன பிரஷ் போதும்.

பிராக்கெட்டை அனுப்பும்போது மரைத் துளைகளுக்கு சிலிகான் அடைப்பான் வைக்கச் சொன்னேன். எர்த் வயர் தொடும் இடத்தில் சூடு தாங்கும் டேப். பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது, அங்கே படிந்தால் லைட் மினுக்கும்.