கியர் விழ மறுக்கிறதா? கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் நீங்களே செய்து பார்க்க வேண்டியவை

பழைய வண்டியில் கியர் சரியாக விழவில்லை என்றதும், கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். கிளட்ச் முழுதாக விடுபடாதது (மிதித்தும் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் பிரியாதது), கியர் லிவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் தேய்ந்தது, கியர்பாக்ஸின் உள்ளே பழுது என்று இதற்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். முதல் இரண்டில் பெரும்பாலானவற்றைக் கியர்பாக்ஸை இறக்காமலே சரிசெய்யலாம் என்பதால், அவற்றைப் பார்த்து முடிக்கும் வரை யாரையும் கியர்பாக்ஸில் கைவைக்க விடாதீர்கள்.

முதல் படி: இன்ஜினை அணைத்துச் சோதித்தல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது கிளட்சை முழுதாக மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒன்று விழாவிட்டால் கட்டையை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, நியூட்ரலில் வண்டியைக் கையளவு நகர்த்திவிட்டு மறுபடி போடுங்கள். பற்கள் ஒன்றுக்கொன்று நேராக நின்றுவிட்டால் நல்ல கியர்பாக்ஸும் அப்படித்தான் முரண்டு பிடிக்கும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியர்களும் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் மறுத்தால் சந்தேகம் கிளட்சின் மேல்தான். இதை உறுதிசெய்ய ரிவர்ஸ் கியர் உதவும், ஏனெனில் பெரும்பாலான பழைய கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோனைசர் (கியர் விழுமுன் வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் வளைய அமைப்பு) கிடையாது. முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடத்தில், பிரேக்கை அழுத்திக்கொண்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுக் கிளட்சை மிதியுங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் உள்ளே சுழலும் தண்டு நின்றிருக்க வேண்டும்; அப்போதும் கரகரவென்று அரைத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை.

இரண்டாம் படி: கிளட்ச்

பெடலுக்கு அடியில் மிதியடி சுருண்டு கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அற்பமாகத் தோன்றினாலும், பெடல் கடைசி வரை இறங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கேபிள் வகைக் கிளட்சாக இருந்தால், பெடலைக் கையால் அழுத்தி, எதிர்ப்புத் தெரியும் இடம் வரை அது எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பல வண்டிகளில் இந்த ஃப்ரீ பிளே 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும் என்றாலும், உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. கூடுதலாக இருந்தால் கேபிளின் அட்ஜஸ்டிங் நட்டைத் திருகிக் குறைக்கலாம். அளவுக்கு மீறி இறுக்கினால் கிளட்ச் வழுக்கும், கிளட்சை விடுவிக்கத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேயும். கம்பி இழைகள் பிரிந்திருந்தால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் முதலில் மேல்தொட்டியில் பிரேக் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். பிறகு கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை மெதுவாக விலக்குங்கள். உட்புறம் ஈரமாக இருந்தால் அங்கே கசிகிறது. பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்தபின் கியர் எளிதாக விழுகிறது என்றால், உள்ளே காற்று புகுந்திருக்கலாம், அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கலாம்.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் சிறு திருகில்) ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, மறுமுனை புதிய எண்ணெயில் மூழ்கும்படி ஒரு புட்டியில் வையுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே பெடலை விட வேண்டும். முதலில் நுரையாகவும், பிறகு கடுகுமணி போன்ற குமிழிகளாகவும் காற்று வரும்; குழாயில் எண்ணெய் மட்டும் இடைவெளியின்றி நகரும் வரை இதைத் தொடருங்கள். இடையில் மேல்தொட்டி வற்றினால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க நேரும். பிரேக் எண்ணெய் பெயின்ட்டை அரிக்கும் என்பதால், சிந்திய இடத்தை உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

மூன்றாம் படி: லிங்கேஜ்

இன்ஜின் அணைந்திருந்தும் கியர் விழவில்லை என்றாலோ, லிவர் தொளதொளவென்று ஆடினாலோ இங்கே பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்க நேர்ந்தால் ஜாக் ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. உள்ளே ஒருவர் லிவரை அசைக்க, அடியிலிருந்து மற்றவர் கவனிக்கட்டும். லிவர் அசைந்தும் கம்பி சற்றுத் தாமதித்தே நகர்ந்தால், இடையிலுள்ள புஷ் (இணைப்பில் தேய்வைத் தாங்கும் சிறு வளையம்) தேய்ந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவில் இழுபட்டிருப்பது கண்ணுக்கே தெரியும். அங்கே சிறிதாக இருக்கும் தேய்மானம் லிவரின் மேல்முனையில் பல மடங்காக வெளிப்படும். ஏதேனும் கிளாம்பைத் தளர்த்துவதற்கு முன் அது இருந்த நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கியர் ஆயில்

ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், எண்ணெயை வடித்தபின் நிரப்ப வழியிருக்காது. பல கியர்பாக்ஸ்களில், வண்டி சமமாக நிற்கும்போது அத்துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். கையேடு ஜிஎல்-4 (கியர் ஆயிலின் ஒரு தரக் குறியீடு) என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். சில ஜிஎல்-5 எண்ணெய்கள் பித்தளைச் சின்க்ரோனைசர் வளையங்களுக்கு ஒத்துவராது. வடிப்பு பிளக்கின் காந்தத்தில் சாம்பல்நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பே. வடித்த எண்ணெயில் பொன்னிறத் துகள் மின்னினால் அந்த வளையங்கள் தேய்கின்றன. இரும்புச் சில்லுகள் வந்தால் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

உட்பழுதின் அறிகுறிகள்

ஓட்டத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்து, குறைந்த கியருக்கு மாறும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டு, சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்துப் போட்டால் வழுவழுவென்று விழுகிறது என்றால், அந்தக் கியரின் சின்க்ரோனைசர் தேய்ந்திருக்கிறது. போட்ட கியர் தானாக நழுவினால், முதலில் லிங்கேஜையும் இன்ஜின் மவுன்ட் ரப்பர்களையும் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங், செலக்டர் ஃபோர்க் (கியரை மாற்றத் தள்ளும் கவை) அல்லது கியர் பற்கள் தேய்ந்திருக்கலாம்.

இவற்றுக்குக் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். மெக்கானிக்கிடம் ஒவ்வொரு படியிலும் நீங்கள் கண்டதை எழுதிக் கொடுங்கள். இறக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் ஆகியவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அவற்றை எட்டுவதற்கு மறுபடியும் அதே கியர்பாக்ஸைத்தான் இறக்க வேண்டியிருக்கும்.