பல்லாரி, தயிர், மரச்சீனி இலை: மூன்றையும் பிரித்துக் காட்டும் வழி

புரோகேரியோட், யூகேரியோட், வைரஸ் என்று மூன்று பத்தி போட்ட அட்டவணையைப் பிள்ளைகள் ஒரே ராத்திரியில் மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். மறுநாள் ஈஸ்ட் எந்தப் பத்தியில் வரும் என்று கேட்டால் முழிப்பார்கள். குலசேகரம் பக்கம் பிளஸ் ஒன்னுக்கு உயிரியல் எடுக்கும் நான் அட்டவணையைக் கடைசியில்தான் போடுவேன். முதலில் ஒரு பல்லாரி, முந்தின நாள் தயிர், தேமல் நோய் விழுந்த மரச்சீனி (மரவள்ளி) இலை. இலைக்கு அலைய வேண்டாம், பக்கத்து விளையில் கேட்டாலே கிடைக்கும்.

பல்லாரியில் தொடங்குங்கள். உள் இதழின் குழிந்த பக்கத்திலிருந்து மெல்லிய தோலை உரித்து, சுருங்காமல் தண்ணீர்த் துளியில் விரித்து, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கினால் குமிழி வராது. 10 மடங்கு லென்ஸே போதும். கட்டம் கட்டமாகத் தெரியும் செல்களில், சுவரோரம் ஒதுங்கிய பழுப்பு உருண்டைதான் உட்கரு. டி.என்.ஏ.வைச் சவ்வுக்குள் பூட்டி வைத்திருக்கும் செல், யூகேரியோட்.

அடுத்தது தயிர். கட்டியை எடுக்காதீர்கள், கொழுப்பு மறைக்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒரு துளியை ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்து, காயவிட்டு, ஸ்பிரிட் விளக்குச் சுடரில் இரண்டு மூன்று தடவை காட்டி எடுங்கள். (விளக்குப் பக்கம் நைலான் துப்பட்டா வேண்டாம்.) மெத்திலீன் நீலம் ஒரு நிமிடம், கழுவல், அப்புறம் எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸ். குச்சிகளாக லாக்டோபேசில்லஸ், மணி கோத்தமாதிரி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இரண்டும் பாக்டீரியா. இதில் உட்கருவைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. டி.என்.ஏ. சவ்வில்லாமல் செல்லின் உள்திரவமான சைட்டோபிளாசத்திலேயே கிடக்கிறது, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவும் கிடையாது. இதுதான் புரோகேரியோட். ஆனாலும் பால் சர்க்கரையைத் தின்று, தானே பிரிந்து பெருகும். முடிந்ததும் எண்ணெயை லென்ஸ் பேப்பரால் துடையுங்கள், சேலை முந்தானையால் அல்ல.

சிறியதெல்லாம் பாக்டீரியா என்று இங்கே ஒரு தப்பான எண்ணம் முளைக்கும். ஈஸ்ட் போட்ட ஆப்ப மாவில் ஒரு துளியை நீர்த்து வைத்துக் காட்டுங்கள். உருண்டை, சில மைக்ரான் அளவுதான். அம்மா செல்லின் ஓரத்தில் குட்டி மொட்டு தெரியும். உட்கரு நம் லென்ஸில் தெளிவாகத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறது. ஈஸ்டும் யூகேரியோட்தான்.

மரச்சீனி இலையை மைக்ரோஸ்கோப்பில் வைக்கவே வேண்டாம். ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. தேமல் வைரஸோ இரண்டிரண்டாக ஒட்டியும் நீளம் சுமார் 30 நானோமீட்டர்தான். நல்ல இலை ஒன்றையும் பக்கத்தில் வைத்து மஞ்சள் திட்டையும் முறுக்கலையும் காட்டுங்கள். வெள்ளை ஈயும், நோயுள்ள செடியில் வெட்டி நட்ட கம்பும் பரப்பியது இது. இந்த வைரஸை எல்லாம் செய்து கொடுத்தது யார் என்று கேளுங்கள். செடியின் செல்லேதான்! வைரஸிடம் இருப்பது கொஞ்சம் டி.என்.ஏ., ஒரு புரத உறை, அவ்வளவே. புகையிலைத் தேமல் வைரஸுக்கு ஆர்.என்.ஏ. செல்லில் இரண்டும் உண்டு. வைரஸ் துகளில் பொதுவாக ஏதாவது ஒன்றுதான்.

சரி, இப்போது அட்டவணை. முதல் வரிசையில் உட்கருவைப் போடாதீர்கள். பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் 'இல்லை' என்றே வந்து, பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமைப் போடுங்கள். பல்லாரி 80எஸ், தயிர் பாக்டீரியா 70எஸ் (எஸ் என்பது ரைபோசோமின் அளவைக் காட்டும் அலகு), வைரஸுக்கு அறவே இல்லை. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்து பாக்டீரியாவின் 70எஸ்ஸைத்தான் தாக்குகிறது. வைரஸ் சளிக்கு அது ஏன் கேட்காது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மைட்டோகாண்டிரியாவுக்குள்ளும் பாக்டீரியா மாதிரி ரைபோசோம் இருக்கிறதே டீச்சர் என்று ஒன்று கேட்கும். முன்னொரு காலத்தில் அது தனி பாக்டீரியாவாக இருந்தது என்பதற்குக் காட்டும் சான்றுகளில் அதுவும் ஒன்று என்று சொல்லி, மிச்சத்தை அடுத்த பீரியடுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.