அரசியல் அறிவியல் சேர்ந்திருக்கிறீர்களா? நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

பி.ஏ. அரசியல் அறிவியல் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னதும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் வந்த முதல் கேள்வி, "எந்தக் கட்சி தம்பி?" என்பதுதான். சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் முதல் செமஸ்டர் முழுக்க நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன். ராத்திரி டிவி விவாதம் பார்த்தால் பாதி சிலபஸ் முடிந்த மாதிரி.

முதல் தவறு அதுதான். யார் எந்தக் கூட்டணிக்குத் தாவுவார் என்பதைச் சொல்ல டீக்கடையிலேயே நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் புதுச்சேரியில் முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். யார் ராஜினாமா செய்தார், யார் பின்னால் இருந்தார் என்பது செய்தி. ராஜினாமாக்களுக்குப் பிறகு ஆளும் அணியிடம் சபாநாயகரோடு சேர்த்து 12 பேர், எதிரணியில் 14 பேர். அந்த 14-இல் 3 பேர் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை, மத்திய அரசு நியமித்தவர்கள். அவர்களுக்கு ஓட்டு எப்படி வந்தது என்று கேட்டால்தான் பாடம் ஆரம்பிக்கிறது. 1963-ஆம் வருட யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம், 30 உறுப்பினர்களுக்கு மேல் 3 பேர் வரை நியமிக்க மத்திய அரசுக்கு வழி விட்டிருக்கிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும், அவர்கள் வாக்களிக்கலாம் என்று சொல்லிவிட்டது. கோபம் வருகிறதா, வரட்டும், ஆனால் சட்டத்தைப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அடுத்தது தமிழில் படிக்கிற நமக்கென்றே இருக்கும் பொறி. சொற்கள். அரசு வேறு, அரசாங்கம் வேறு, மாநிலம் வேறு. ஆங்கிலத்தில் 'ஸ்டேட்' என்று ஒரே சொல் வந்து நிற்கும் இடத்தில் நாம் சில சமயம் மாநிலம் என்கிறோம், சில சமயம் அரசு என்கிறோம். தேர்வுத்தாளில் "அரசின் கூறுகள்" என்று கேட்டால் மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறைமை என்று எழுத வேண்டும். என் பெஞ்சில் ஒருவன் முதல்வர், அமைச்சரவை, கவர்னர் என்று மூன்று பக்கம் எழுதினான், பாவம். சர்வதேச உறவுகள் பாடத்தில் 'அராஜகம்' என்று வரும்போது ரவுடித்தனம் என்று நினைத்துக்கொள்வோம். அங்கே அதற்கு அர்த்தம், நாடுகளுக்கு மேலே அவற்றைக் கட்டுப்படுத்தும் ராஜா யாரும் இல்லை என்பது. சொல்லைப் பிரித்துப் பாருங்கள், அ-ராஜகம், அதே பொருள்தான் உள்ளே இருக்கிறது! யதார்த்தவாதமும் இப்படித்தான். நடைமுறைக்கு ஒத்து வருகிற மாதிரி பேசுவது என்று எழுதாதீர்கள், நாடுகள் அதிகாரத்தையும் தங்கள் பாதுகாப்பையும் முன்வைத்தே நடந்துகொள்கின்றன என்று சொல்லும் ஒரு கோட்பாடு அது.

மூன்றாவது தவறுக்கு நானே சாட்சி. இன்டர்னல் தேர்வில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைவது பற்றி 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்ததை "மக்கள் வாக்கெடுப்பு" என்று எழுதினேன். சீனியர் தந்த நோட்ஸில் அப்படித்தான் இருந்தது, அவருக்கு அவருடைய சீனியர் தந்தது. மேடம் சிவப்பு மையில் சுழித்து, ஓட்டுப் போட்டது எத்தனை பேர் என்று மட்டும் எழுதியிருந்தார். 178 பேர். அத்தனை பேரும் சட்டசபை, நகரசபைகளுக்கு ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். அதில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. வங்காளத்தில் இதே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில்தான் 1949-இல் வாக்காளர்களே நேராக ஓட்டுப் போட்டார்கள். இது சின்ன வித்தியாசம் இல்லை, ஒரு நிலம் கைமாறும்போது சம்மதம் யாரிடம் கேட்கப்பட்டது என்பதே அடிப்படைக் கேள்வி. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் கைமாறியது, ஒப்பந்தம் 1956-இல் கையெழுத்தானது, பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். விடுதலை நாள் என்று ஒன்று, சட்டப்படி இணைந்த நாள் என்று இன்னொன்று, புதுச்சேரிக்கு ஏன் இரண்டு என்று கேட்டால் இனிமேல் சொல்லிவிடுவீர்கள்.

நோட்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை, அரியர் விழாமல் இருக்க அது வேண்டும்தான். ஆனால் வாரத்துக்கு ஒரு மூல ஆவணமாவது, ஒரு பக்கமாவது படியுங்கள். புதுச்சேரிச் சட்டசபைக்கு வழி செய்யும் அரசியலமைப்பின் 239ஏ பிரிவு சில வரிகள்தான், டெல்லிக்கான 239ஏஏ நீளமாகப் போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஒரு அசைன்மென்ட் தேறும். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ஓட்டு எப்படி என்று சொல்லும் ஐ.நா. சாசனத்தின் 27-ஆம் பிரிவும் அப்படித்தான், வல்லரசுகளின் தடுப்பு ஓட்டான 'வீட்டோ' அதிலிருந்துதான் வருகிறது, ஆனால் அந்தச் சொல்லே அதில் கிடையாது.

உலக விவகாரங்களில் குழப்பிக்கொள்வது பெரும்பாலும் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் இருக்கும் இரண்டு நீதிமன்றங்களில்தான். சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைப் பார்ப்பது, ஐ.நா.வின் உறுப்பு. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிப்பது, 1998-இன் ரோம் சாசனத்தில் பிறந்தது, இந்தியா அதில் சேரவில்லை. ஒரே ஊரில் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அப்புறம் ஐஏஎஸ். இந்தப் பட்டம் எடுத்தால் பாதி ஐஏஎஸ் என்று வீட்டில் சொல்லிவைத்திருப்பார்கள். மெயின் தேர்வில் ரேங்குக்குக் கணக்கில் வரும் 1750 மதிப்பெண்களில் விருப்பப் பாடத்துக்கு 500. உதவும், அவ்வளவுதான். புள்ளியியலும் பொருளாதாரமும் வரும் பேப்பர்களை வேண்டாவெறுப்பாகத் தள்ளிவிடாதீர்கள், பின்னால் வேலைக்குப் போகும்போது கேட்பது அதைத்தான்.

இன்னொன்று, பாடம் டெல்லியிலும் நியூயார்க்கிலும்தான் இருக்கிறது என்று நினைப்பது. நான் மூன்று வருடம் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, புதுச்சேரி எல்லையான முள்ளோடை வந்ததும் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக மதுக்கடைகள். மனிதர் குடிக்கும் மது ஜிஎஸ்டிக்குள் வராது, வரி போடுவது அந்தந்த மாநிலம், சட்டசபை இருப்பதால் புதுச்சேரியும். எல்லை தாண்டினால் வரி போடும் கை மாறிவிடுகிறது. கூட்டாட்சி என்றால் என்ன என்று புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது இரண்டாம் வருடம்தான் உறைத்தது.

புதுச்சேரியில் இருப்பவர்கள் முடிந்தால் பிரெஞ்சும் கற்றுக்கொள்ளுங்கள். 1956 ஒப்பந்தம் இங்கிருந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தந்தது, அப்படி எடுத்தவர்களின் குடும்பங்கள் இன்றும் பிரான்ஸ் நாட்டுத் தேர்தலுக்கு இங்கேயே ஓட்டுப் போடுகின்றன. குடியுரிமை பற்றி ப்ராஜெக்ட் செய்ய இதைவிட என்ன வேண்டும்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசுங்கள், நிறையச் சொல்வார்கள். பென்ஷன் எவ்வளவு என்று மட்டும் முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். நான் கேட்டேன், காபி போடப் போன பாட்டி வெளியே வரவே இல்லை.