சுகப்பிரசவத்துக்கு முதலில் கையைத் தளர்த்துங்கள்

வடசென்னையில் பிரசவ வார்டு நர்ஸாக 26 வருஷம் வேலை பார்த்தேன். இப்போது ராயபுரத்தில் வீட்டோடு இருக்கிறேன். மாசமாக இருக்கும் பெண்கள் இன்னும் வந்து கேட்கிறார்கள்: "அக்கா, எனக்கு சுகப்பிரசவம் ஆகணும், என்ன செய்யட்டும்?"

வலி தானாக வந்து, கர்ப்பவாய் தானாகத் திறந்து, பிள்ளை இறங்கி வர நேரம் கொடுப்பதுதான் சுகப்பிரசவம். வீட்டிலேயே பெற்றுக்கொள்வதை நான் அதில் சேர்க்க மாட்டேன். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்த பிறகும் உதிரம் பெருகலாம். அதைத் தடுக்கும் ஊசி வார்டில்தான் இருக்கிறது.

பொய் வலி கொஞ்சம் நடந்தால் அடங்கிவிடும். நிஜ வலி நடந்தாலும் படுத்தாலும் கூடிக்கொண்டே போகும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். தலைப்பிரசவம் என்றால் 5 நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிஷம், இப்படியே 1 மணி நேரம் வந்தால் கிளம்பலாம். எர்ணாவூர், மணலி பக்கம் இருப்பவர்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். கன்டெய்னர் லாரி வரிசையில் ஆட்டோ மாட்டிக்கொண்டால் நகராது; முன்னதாகவே 108க்குப் போன் போடுங்கள். இரண்டாவது பிள்ளைக்கும் அப்படித்தான். தண்ணிக்குடம் உடைந்தால், உதிரம் கொட்டினால், பிள்ளையின் அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், 37 வாரம் முடியாமல் வலி கண்டால் எண்ணவே கூடாது, உடனே போங்கள்.

வலி வரவைக்க விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள். வயிறு போய், முக்க வேண்டிய நேரத்தில் தெம்பிருக்காது.

கர்ப்பவாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். முதல் 5 மெதுவாகத்தான் வரும். காசிமேட்டுப் பெண் ஒருத்தி அந்த நேரத்தில் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "முடியலக்கா" என்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையில் வைத்துக்கொண்டேன். "வாயைத் தளர்த்து கண்ணு, ஊஊ-ன்னு கீழ்க்குரலில் மூச்சை விடு" என்றேன். அவள் அம்மா பின்னால் நின்று இடுப்புக்குக் கீழே உள்ளங்கையால் அழுத்தினார். நாலாவது வலியில் அவள் தோளின் இறுக்கம் தளர்ந்தது. அப்புறம் எழுந்து, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆடி ஆடி நின்றாள். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும். அதனால் துணைக்கு வருபவர் தைரியசாலியாக இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அழுபவர் வேண்டாம்.

முழுசாகத் திறக்கும் முன் முக்காதீர்கள். டாக்டர் இடம் கொடுத்தால் ஒருக்களித்தோ குந்தியோ முக்குவது மல்லாந்து படுப்பதைவிட எளிது. இவ்வளவு செய்தும் சிசேரியன் தேவைப்பட்டால் சரி என்று சொல்லுங்கள், அதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை.

பிள்ளை அழுதால் தொப்புள்கொடியை 1 நிமிஷமாவது கழித்து வெட்டச் சொல்லுங்கள். துடைத்து நேராக உங்கள் மார்பில் போடச் சொல்லுங்கள். 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்க ஆசையாக நிற்கும் அத்தையிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்: ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான்.