ராஜாங்கம்னு எழுதுறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராஜா காலத்துக் கதையை எழுதுறவங்களும் வீடியோவா போடுறவங்களும் இப்போ நிறைய பேர் இருக்காங்க, பார்க்கவே சந்தோஷமா இருக்கு, ஆனா அதுல ராஜாங்கம்ங்கிற வார்த்தை வர்ற இடத்துல பாதிக்குப் பாதி தப்பா வருது. “சோழர்களின் ராஜாங்கம் கடல் தாண்டிப் பரவியது”ன்னு எழுதுறாங்க. பரவுனது ராஜாங்கம் இல்லைங்க, ராஜ்ஜியம். ராஜ்ஜியம்னா நாடு, மண்ணு, எல்லை. ராஜாங்கம்னா அந்த நாட்டை நடத்துற ஏற்பாடு, அதாவது வரி வாங்குறது, வழக்கு கேக்குறது, படையை வெச்சு ஆளுறது, ஓலை அனுப்புறது எல்லாம் சேர்ந்தது. ராஜ்ஜியத்தைப் பிடிக்கலாம், இழக்கலாம், ரெண்டு பிள்ளைங்களுக்குப் பிரிச்சும் குடுக்கலாம், ஆனா ராஜாங்கத்தை நடத்தத்தான் முடியும். “அவன் தனி ராஜாங்கம் நடத்துறான்”னு பேச்சுல சொல்றப்போ எல்லாரும் சரியாத்தான் சொல்றோம், எழுத உக்காந்தாத்தான் குழம்பிடுது.

இதே மாதிரி “தூதன் ராஜாங்கத்துக்குள் நுழைந்தான்”ன்னும் பார்த்திருக்கேன். அவன் நுழைஞ்சது அரசவைக்குள்ள.

அடுத்தது வார்த்தையைப் பிரிக்கிறதுல வர்ற தப்பு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான். ராஜ, அங்கம் ரெண்டும் சேர்ந்தது ராஜாங்கம். அங்கம்னா உறுப்பு, உடனே சிலர் ராஜாவோட உடம்புன்னு அர்த்தம் சொல்லிடுறாங்க. அப்படி இல்ல, ஆட்சிக்கு இருக்கிற உறுப்புகள். திருக்குறள்ல இறைமாட்சி அதிகாரத்தோட முதல் குறளே இதைத்தான் சொல்லுது: படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண், இந்த ஆறும் உடையவன்தான் அரசர்கள்ல ஏறு. ஏறுன்னா இங்க சிங்க ஏறு, ஏறிப் போறது இல்ல. கூழ்னா குடிக்கிற கூழ் மட்டும்னு நினைச்சுடாதீங்க, உணவும் பொருளும் சேர்ந்த வளம் அது. அர்த்த சாஸ்திரத்துல ஏழு உறுப்பு வரும், அங்க அரசனையும் ஒரு உறுப்பா எண்ணுறாங்க, குறள்ல அரசன் அந்த ஆறையும் உடையவனா வெளிய நிக்கிறான். எப்படி எண்ணினாலும் ராஜா ஒருத்தரை மட்டும் வெச்சு ராஜாங்கம் ஆகாது, குடிமக்களும் அதுல ஒரு உறுப்பு, அதனால “மன்னன் தன் ராஜாங்கத்தோடு தேரில் ஏறினான்”னு எழுதினா அர்த்தமே நிக்காது, அவன் கூட ஏறினது பரிவாரம்.

அரசாங்கம்ங்கிறதும் இதே அச்சுல வந்ததுதான். அரசு, அங்கம் ரெண்டையும் தமிழ் ரூல்படி சேர்த்தா கடைசி உகரம் போயி அரசங்கம்னு வரணும், நடுவுல அந்த நெடில் வர்றது வடமொழிப் புணர்ச்சி முறைல. இது தெரியாம “அரசு + ஆங்கம்”னு பிரிச்சு, ஆங்கம்னு ஒரு தனி வார்த்தை இருக்கிற மாதிரி பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறாங்க, தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க.

இராஜாங்கமா ராஜாங்கமான்னு அடிச்சுக்க வேணாம். ரகரம் தமிழ்ல சொல்லுக்கு முதல்ல வராதுங்கிறதால இகரம் போட்டு எழுதுற வழக்கம் வந்தது, ஜகரமும் வேணாம்னா இராசாங்கம். மூணும் ஒண்ணுதான், ஒரே கட்டுரைல மூணையும் கலந்து எழுதாம இருந்தாப் போதும்.

இன்னைக்கு நடக்கிற ஆட்சியை ராஜாங்கம்னு எழுதலாமான்னு கேட்டா, வேணாம்னுதான் சொல்லுவேன். பழைய பத்திரிகைகள்ல பிரிட்டிஷ் ராஜாங்கம்னு எழுதினாங்க, அப்போ மேல நிஜமாவே ஒரு ராஜா இருந்தாரு. ஓட்டுப் போட்டு வந்த ஆட்சிக்கு அரசு, அரசாங்கம் போதும். இங்கயே இன்னொரு குழப்பமும் வருது, முடியாட்சிக்கு எதிர்ப்பதம் மக்களாட்சின்னு கண்ணை மூடிட்டு எழுதிடுறாங்க. பிரிட்டன்ல முடியும் இருக்கு, மக்களாட்சியும் இருக்கு, இல்லாதது குடியரசு. நம்ம நாடே 1947 ஆகஸ்ட் 15ல சுதந்திரம் வாங்கியும் 1950 ஜனவரி 26 வரைக்கும் குடியரசு ஆகலை, அதுவரைக்கும் பேருக்கு ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர். அதனால முடியரசுக்கு எதிர்ல வைக்க வேண்டியது குடியரசு.

கடைசியா, இலங்கைச் செய்தி படிக்கிறப்போ ஒரு கவனம் வேணும். அங்க “இராஜாங்க அமைச்சர்”னு வரும், அதைப் பார்த்துட்டு ஏதோ அரச குடும்பத்து மந்திரின்னு நினைச்சுக்கிறவங்க உண்டு. இலங்கை 1972லயே குடியரசு ஆயிடுச்சு. அந்தப் பதவி கேபினட்டுக்கு அடுத்த படில இருக்கிற அமைச்சர், நம்ம டெல்லில இணை அமைச்சர்னு சொல்ற மாதிரி. அதே மாதிரி “அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம்”னு அவங்க எழுதுறதும் நம்ம பேப்பர்கள்ல அமெரிக்க வெளியுறவுத் துறைன்னு வர்றதும் ஒரே ஆபீஸ்தான், அதனால அவங்க செய்தியை எடுத்து இங்க போடுறப்போ “இராஜாங்க அமைச்சர்”ங்கிறதை “மாநில அமைச்சர்”னு மட்டும் மாத்திடாதீங்க, அது இங்க வேற பதவி.